கெடக்கூடியவன்

விருத்தகிரி, மடத்துச் சாமான் அறையான உக்கிராணத்தின் சாவியைக் குருவின் முன் வைத்தான்.

“வேறு யாரிடமாவது கொடுத்துவிடுங்கள், சாமி. நான் மடத்தைவிட்டுப் போகிறேன்.”

குரு சாவியைத் தொடவில்லை. உட்காரச் சொன்னார்.

அவன் உட்காரவில்லை.

முந்தின நாள் மடத்துக்கு அரிசியும் எண்ணெயும் அனுப்பும் வியாபாரிகள் வந்திருந்தார்கள். குரு அவனைக் காட்டி, இனி உக்கிராணம் இவன் பொறுப்பு, இவன் கெடக்கூடியவன் என்று அவர்களிடம் சொன்னார். எண்ணெய்க் கடைக்காரர் அவனைப் புதிதாகப் பார்த்துச் சிரித்தார்.

காலையில் மடைப்பள்ளிச் சமையல்காரர் நல்லமுத்து, “என்ன தம்பி, கெட்டாயிற்றா, இன்னும் நாள் பார்க்கிறாயா?” என்று கேட்டார்.

இதுவரை ஒரு பிடி பருப்புகூட எடுத்ததில்லை என்றான் விருத்தகிரி.

தெரியும் என்றார் குரு.

“பிறகு எதற்கு அந்தச் சொல்?”

குரு போன பிரதோஷத்தைப் பற்றிக் கேட்டார்.

மடத்து வழக்கப்படி, நைவேத்தியம் ஆகும்வரை சமைத்த எதையும் முகரக் கூடாது, நாக்கில் வைக்கக் கூடாது. அன்று புளியோதரையை வாயில் போட்டவர்கள் எல்லோரும் வாழைத்தோட்டத்துக்கு ஓடினார்கள்.

“எது கெட்டிருந்தது?”

“புளிக்காய்ச்சல். ஜாடியின் அடியில் பூஞ்சை. அது மாதக்கணக்கில் கெடாது என்று யாரும் கிளறிப் பார்க்கவில்லை.”

“இங்கே சோறு என்றைக்காவது ஊசியிருக்கிறதா?”

இல்லை என்றான். மிஞ்சியதை அன்றன்றே மாட்டுக்கு வைத்துவிடுவார்கள். பானையைத் தேய்த்துக் கவிழ்த்துவிடுவார்கள்.

“ஏன்?”

“சோறு ஊசும் என்று எல்லோருக்கும் தெரியும், சாமி.”

சொல்லிவிட்டுச் சாவியைப் பார்த்தான்.

பிறகு உட்கார்ந்தான்.

நாளைக்கு உக்கிராணத்தைச் சோதித்துப் பார்க்க யார் வருவார்கள் என்று கேட்டான். தானே வருவதாகக் குரு சொன்னார். மறுநாள் நல்லமுத்து. அதற்கடுத்த நாள் யாருக்குக் கை ஒழிகிறதோ அவர்.

நல்லமுத்து வந்தால் முந்திரியை எண்ணித்தான் வைக்கவேண்டும் என்றான் விருத்தகிரி. நேற்றிலிருந்து அப்போதுதான் அவனுக்குச் சிரிப்பு வந்தது.

சாவியை எடுத்துக்கொண்டு வாசல்வரை போனவன் திரும்பினான்.

“உங்களை மட்டும் ஊரே மாசில்லாதவர் என்கிறதே, சாமி.”

“அதுதான் பயமாக இருக்கிறது,” என்றார் குரு. “அவ்வப்போது வந்து என்னையும் திறந்து பார்.”