தலைவர் முகத்துப் படுதா

எங்கள் பேரூராட்சித் தலைவர் பொன்னுரங்கத்துக்குப் பிறந்தநாள், கல்யாணநாள், பதவியேற்ற நாள் என்று எதற்கும் ஊர் நெடுக பிளெக்ஸ் வைத்தாக வேண்டும். விழா முடிந்ததும் அவருடைய ஆட்களே அதையெல்லாம் கழற்றி, மாராத்தாளின் பழைய சாமான் கடையில் எடைக்குப் போட்டுவிடுவார்கள். அவள் தெருப் பெண்களைக் கொட்டகையில் உட்காரவைத்து, அதை மஞ்சள் காயப்போடும் படுதாவாகத் தைத்து விவசாயிகளுக்கு விற்றாள்.

ஒருநாள் தலைவர் பரிவாரத்தோடு வந்தார்.

"நாளைக்கு இந்த வழியா அமைச்சர் வர்றார். இந்தக் குப்பைக் கொட்டகை ரோட்டுல போறவங்க கண்ணுல படக் கூடாது. பட்டுச்சுன்னா இடிச்சுருவேன்."

"இதுல இத்தனை பேரு கஞ்சி குடிக்கறோமுங்க."

"குப்பையில என்ன பொழப்பு? மறைக்கிறியா, இடிக்கட்டுமா?"

"மறைச்சுப் போடறேனுங்க."

மறுநாள் ஜேசிபியோடு வந்து பார்த்தார். கொட்டகையைக் காணோம். ரோட்டோரம் மறைத்துக் கட்டிய படுதாக்களில் அவரே வரிசையாகக் கைகூப்பி நின்றார். பின்னால் தையல் மிஷின்கள் கடகடத்தன.

"மறைக்கச் சொன்னா என்னையவே கட்டித் தொங்கவிட்டிருக்கியா? இடிங்கடா!"

டிரைவர் கட்சிக்காரர்களைப் பார்த்தான். கட்சிக்காரர்கள் வானத்தைப் பார்த்தார்கள். தலைவர் முகத்தில் யார் கை வைப்பது?

மாராத்தாள் படுதாவை விலக்கி எட்டிப் பார்த்தாள். "எந்த மொகத்தை மொதல்ல இடிக்கறதுன்னு தலைவரே சொல்லிட்டா, டிரைவர் தம்பிக்குச் சௌரியமா இருக்குமுங்க."

தூரத்தில் அமைச்சர் வண்டியின் சைரன் கேட்டது. தலைவர் சட்டென்று ரோட்டுப் பக்கம் திரும்பி, படுதாவில் இருக்கிற மாதிரியே கைகூப்பிச் சிரித்துக்கொண்டு நின்றார்.