மைனா ஓட்டின பைக்கு

ஒரு காட்டுல, மூங்கில் புதருக்கு நடுவுல, வனக் காவலர் மாதப்பனோட ஓட்டு வீடு. வேலி கிடையாது. வாசல்ல ஒரு நாய் மட்டும் உண்டு. வால் முறுக்கு மாதிரி சுருண்டிருக்கும், அதனால பேரும் முறுக்கன்.

மாதப்பன் பூட்டைப் பூட்டி, சாவியை ஆட்டி, "இருடா முறுக்கா, வந்துர்றேன்"னு பைக்கை உதைச்சா போதும். முறுக்கன் புழுதி அடங்குற வரைக்கும் பின்னாடியே ஓடுவான். திரும்பி வந்து, அவர் கழட்டிப் போட்ட ரப்பர் செருப்புல மூக்கை வச்சு, "ஊஊஊ"ன்னு ஆரம்பிச்சுடுவான். கஞ்சி கூட இறங்காது.

கூரை மேல இருக்குற மைனாவும் "ஊஊஊ"ன்னு பழிப்பு காட்டுவா.

"போடி! என் வேதனை உனக்கென்ன தெரியும்?"

"எனக்குத் தெரியாது சாமி. சிறுத்தைக்குத் தெரியுது. நேத்து ஓடையில என்ன சொன்னான் தெரியுமா?" மைனா குரலைக் கரகரன்னு மாத்திக்கிட்டா. "'அந்த நாய் ஊளை விட்டா வீட்ல ஆள் இல்லைன்னு அர்த்தம். அடுத்த தடவை கத்தட்டும், போய் அமுக்கிடுறேன்.' ஏண்டா, நீ அழுவுறியா, இல்ல உன்னைத் தின்ன பந்திக்கு ஆள் கூப்பிடுறியா?"

முறுக்கனோட வால் பயத்துல நேரா ஆயிடுச்சு. "நானா வேணும்னு கத்துறேன்? அந்தச் சத்தம் கேட்டாலே தானா வருதே!"

"அப்போ சத்தத்தை எங்கிட்ட விடு."

அன்னைக்கு சாயங்காலம் "கிணிங் கிணிங்"னு சாவி சத்தம். முறுக்கன் அலறி அடிச்சு ஓடினான். உள்ளே மாதப்பன் காலை நீட்டிக் காபி குடிச்சுட்டிருந்தாரு!

கொஞ்ச நேரத்துல "டுர்ர்ர்!" மறுபடி ஓடினான். மாதப்பன் அதே இடம், அதே காபி.

"இருடா முறுக்கா, வந்துர்றேன்!" கூரையிலிருந்து மைனா.

மறுநாளும் அதே கூத்து. காலையில டுர்ர்ர், சாப்பிட உக்காந்தா டுர்ர்ர், கொட்டாவி விட்டா டுர்ர்ர். முதல்ல ஓடினவன், அப்புறம் எழுந்து மட்டும் நின்னான். அப்புறம் ஒரு காதை ஆட்டினான். கடைசியில, "ஏண்டி, உன் வண்டியில பெட்ரோலே தீராதா?"ன்னான்.

ஒரு நாள், பூட்டு நிஜமாவே விழுந்துச்சு. பைக்கு நிஜமாவே கிளம்பி வளைவுல மறைஞ்சுது. முறுக்கன் கண்ணால பாத்தான். தொண்டைக்குள்ள பழைய ஊளை எட்டிப் பாத்துச்சு. செருப்புல மூக்கை அழுத்திப் படுத்துக்கிட்டான். கண்ணு மட்டும் பாதையை விட்டு நகரல. ஊளை வந்த வழியே திரும்பிப் போயிடுச்சு.

புதருக்குள்ள சிறுத்தை காதைத் தீட்டிக்கிட்டு நின்னான்.

"பைக்கு சத்தம் கேட்டுச்சு. நாய் கத்தலையே! ச்சே, இத்தனை நாளா டுர்ர்ர்னு கத்திட்டிருக்குற அந்த மைனா வேலைதான் இதுவும். ஆள் உள்ளேதான் இருக்கான், துப்பாக்கியோட!" வாலைச் சுருட்டிக்கிட்டு மலையேறிப் போயிட்டான்.

பொழுது சாயுற நேரம், தூரத்துல "டுர்ர்ர்."

முறுக்கன் தலையைக் கூடத் தூக்கல. "போதும்டி மைனா. இன்னைக்கு மனசு சரியில்ல."

"நான் வாயே திறக்கலடா!"

அப்போ காத்து திரும்புச்சு. வேர்வையும் வெத்தலையும் கலந்த ஒரு வாசனை வந்துச்சு. அதை மட்டும் எந்த மைனாவாலயும் பண்ண முடியாது.

செருப்பு ஒரு பக்கம் பறந்துச்சு. முறுக்கன் பாதையில பறந்தான்.

நீதி: ஏங்குறது தப்பில்ல, ஏக்கத்தோட காத்திருக்கப் பழகிக்கணும்.