தேசம்மாளின் பாடு

நீதிபதியாக இருந்து ஓய்வு பெற்ற மாசிலாமணி, பேரன் பேத்தி எடுத்த வயதில் ஆராய்ச்சி மாணவராகச் சேர்ந்தார். அவருக்கு வழிகாட்டியாக வாய்த்த பேராசிரியர் திலகவதி வயதில் இளையவர், சட்டம் படித்தவரும் அல்ல. ஊர் ஊராகப் போய் மனிதர்களோடு பழகுவதுதான் அவர் படிப்பு. ஒரே ஊரில் அரசுச் சட்டமும், ஊர் தனக்குத் தானே வகுத்துக்கொண்ட ஊர்க்கட்டும் எப்படிச் சேர்ந்து நடக்கின்றன என்பது இருவரும் எடுத்துக்கொண்ட ஆய்வு. மாசிலாமணியோ முதல் நாளே முடிவு கட்டிக்கொண்டு வந்துவிட்டார்.

“மேடம், ஒரு ஊருக்கு ஒரு சட்டம்தான் இருக்க முடியும். அது எதுன்னு மட்டும் சொல்லிடுங்க.”

திலகவதி மறுநாள் விடியும்போது அவரை ஒரு காயல் கரைக்கு அழைத்துப் போனார்.

அந்த மீனவர் ஊரில், காயலில் வலை போடும் உரிமை வீட்டுக்கு வீடு முறை வைத்து வரும். அதற்குப் பாடு என்று பேர். தேசம்மாளின் புருஷன் செத்ததும், பெண்பிள்ளைக்குப் பாடு கிடையாது என்று ஊர் கையை விரித்துவிட்டது. அவள் கோர்ட்டுக்குப் போய் ஜெயித்தாள். இவர்கள் இருவரும் போன அன்றைக்கு அவளுடைய பாடு. வந்த பாட்டைத் தவறவிட்ட வீட்டுக்கு இனிப் பாடே இல்லை என்பதும் ஊர்க்கட்டுதான்.

வலை இழுக்க ஆறு பேராவது வேண்டும். ஒருத்தரும் வரவில்லை. ஊர்த் தலைவர் ஏழுமலை நாட்டாரும் மற்ற ஆண்களும் கைகட்டிக்கொண்டு கரையில் நின்றார்கள். கோர்ட் உத்தரவு இருந்ததால் அவளைத் தடுக்கவில்லை, அவ்வளவுதான்.

மாசிலாமணி கைபேசியை எடுத்தார். “போலீஸைக் கூப்பிடட்டுமா மேடம்?”

“போலீஸ் வந்து வலை இழுக்குமா சார்?”

திலகவதி சேலையை வரிந்து கட்டிக்கொண்டு தேசம்மாளோடு தோணியில் ஏறினார். இருவருமாக வலையை இறக்கிவிட்டுக் கரையோரமாக வந்து, இடுப்பளவு தண்ணீரில் நின்று இழுத்தார்கள். வலை அசையவில்லை. காயல் நீர் கடலை நோக்கி வடியத் தொடங்கியதும் வலைதான் அவர்களை இழுத்தது. தேசம்மாள் சறுக்கி முங்கி எழுந்தாள். அப்போதும் கயிற்றை விடவில்லை.

“விட்டுடு தாயீ,” என்று கரையிலிருந்து ஒரு குரல் கேட்டது.

“விட்டா எம் புள்ளைங்களுக்கு யாரு இருக்கா?”

அடுத்து நடந்தது மாசிலாமணிக்குச் சரியாக நினைவில்லை. கயிறு அவர் கையில் இருந்தது, தண்ணீர் மார்பு வரை இருந்தது. பக்கத்தில் யாரோ மூச்சு வாங்குவது கேட்டுத் திரும்பினார். ஏழுமலை நாட்டார்.

“தண்ணியில எறங்குன வலையைக் கைவிடக் கூடாது. அது எங்க கட்டு,” என்று யார் முகத்தையும் பார்க்காமல் சொன்னார். அவர் இறங்கிய பிறகு ஊரே இறங்கியது.

வலை கரையேறியது. துள்ளுகிற மடவை மீனையும் இறாலையும் பார்த்துத் தேசம்மாள் வாய்விட்டு அழுதாள். நாட்டார் வேட்டியைப் பிழிந்துகொண்டு வீட்டுக்கு நடந்தார்.

மாசிலாமணிக்குத் தன் கேள்வி அப்படியே நின்றது.

“இவங்க எதுக்குக் கட்டுப்பட்டாங்க மேடம்? கோர்ட்டுக்கா, ஊருக்கா?”

திலகவதி அவருடைய உள்ளங்கையைப் பிரித்துப் பார்த்தார். கயிறு உரித்த இடத்தில் ரத்தம் கசிந்துகொண்டிருந்தது.

“அவங்களை அப்புறம் கேப்போம் சார். மொதல்ல எறங்குனது நீங்க. நீங்க எதுக்குக் கட்டுப்பட்டு எறங்குனீங்க?”