கனகு மாஸ்டர் ஓட்டாத ஃபைனல்

கோவைக்கு வெளியே, யாரும் பயன்படுத்தாத பழைய விமான ஓடுதளத்தில் பைக் டிராக் ரேஸ். பெரிய சூத்திரம் ஒன்றுமில்லை. நேர்ரோட்டில் இரண்டு வண்டிகள், முதலில் கோட்டைத் தாண்டுபவருக்கு வெற்றி. அன்று சாயங்காலம் கனகு மாஸ்டருக்குப் பாராட்டு விழா. வாழ்த்திப் பேச வேண்டியவள் அவரிடம் ரேஸ் பழகும் சிஷ்யை தஸ்லிமா.

பேச அவளுக்கு ஒன்றுமே கிடைக்கவில்லை.

“மாஸ்டர், நீங்க எத்தனை கப்புங்க வாங்கியிருக்கீங்க?”

“ஒண்ணுகூட இல்ல அம்மிணி.”

“ரெக்கார்டு?”

“அதுவும் இல்ல.”

“அப்புறம் இந்த ரேஸுக்கு நீங்க என்ன பண்ணுனீங்கன்னு நான் சொல்றதுங்க?”

“உன்னைக் கூப்பிடறாங்க பாரு. ஹெல்மெட்டைப் போடு.”

குருமார்கள் எந்தக் காலத்தில் நேராகப் பதில் சொல்லியிருக்கிறார்கள்!

தஸ்லிமா அன்று ஒரு காரியம் செய்திருந்தாள். எடை குறையட்டும் என்று முன்சக்கரத்தின் இரண்டு பிரேக் டிஸ்க்குகளில் ஒன்றைக் கழற்றியிருந்தாள். வேகப் பைத்தியம் முற்றியவர்களுக்கே வரும் யோசனை. மாஸ்டரிடம் மூச்சுவிடவில்லை.

விளக்கு பச்சையானது. பறந்தாள். ஜெயித்தாள். கோட்டைத் தாண்டியதும் பிரேக்கைப் பிடித்தாள். வண்டி நிற்கிற வழியாக இல்லை. எதிரே ஓடுதளத்தின் கடைசிச் சுவர்.

“யா அல்லாஹ்!”

சுவருக்கு முன்னால் ஆழமாகக் கொட்டியிருந்த மணலில் வண்டி புதைந்தது. அவள் மணலில் உருண்டு விழுந்தாள். எழுந்து நின்றாள். ஒரு கீறல்கூட இல்லை.

ரேஸ் நடத்தும் வின்சென்ட் ஓடிவந்தார்.

“இந்த மணல் உங்க மாஸ்டர் போட்டதும்மா. அவருக்குக் கிடைச்சது ஒரே ஒரு ஃபைனல். ‘கோட்டுக்கு அந்தப் பக்கம் மணல் கொட்டாம வண்டியைக் கிளப்ப மாட்டேன்’னு நின்னுட்டாரு. தோத்துட்டாருன்னு கமிட்டி அறிவிச்சிருச்சு. பயந்தாங்கொள்ளின்னு ஊரே சிரிச்சுது. மறுநாள் அவரே லாரி வெச்சு கொட்டினாரு. இப்ப மணல் இல்லாம இந்தப் பக்கம் எங்கயும் ரேஸே கிடையாது.”

மாஸ்டர் மெதுவாக நடந்து வந்தார். தஸ்லிமா அவர் கைகளைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டு அழுதாள்.

“என் உயிரைக் காப்பாத்திட்டீங்க மாஸ்டர். எப்படி நன்றி சொல்றதுன்னே தெரியலைங்க. சாயங்காலம் மேடையில எல்லாத்தையும் சொல்றேன்.”

அவர் அவள் தோளில் ஒட்டியிருந்த மணலைத் தட்டிவிட்டார்.

“அது சாயங்காலம் அம்மிணி. இப்ப வண்டியை வெளியே இழு. மணலைச் சமமா நிரவி விடு. அடுத்த ஜோடி கோட்டுல நிக்குது.”