பிடித்தோம் என்று ஒரு வரி

பவானியில் எங்கள் சாயப்பட்டறையின் கலர் மாஸ்டர் வேலாத்தாள். மாதாமாதம் அவர் சம்பளத்தில் பிடித்த வருமான வரியை முதலாளி குழந்தைசாமி அரசுக்குச் செலுத்தவே இல்லை. வரி பாக்கி என்று வேலாத்தாளுக்கு நோட்டீஸ் வந்தது.

கேட்கப் போனவரிடம் முதலாளி கத்தினார். "நோட்டீஸ் உன் பேருக்குத்தானே வந்திருக்கு? நீயே கட்டு. இல்லைன்னா வேலையை விட்டுப் போ!"

நாங்கள் பயந்து நின்றோம். வேலாத்தாள் பணிவாகச் சொன்னார்: "கட்டிடறேனுங்க. என் சம்பளத்துல வரி பிடிக்கவே இல்லைன்னு மட்டும் ஒரு வரி எழுதிக் குடுங்க."

முதலாளி உஷாரானார். "அப்படி எழுதினா பிடிச்சதைச் சம்பள பாக்கின்னு நீ திருப்பிக் கேப்பியே! என்னை ஏமாத்தப் பாக்கறியா? பிடிச்சேன்னுதான் எழுதுவேன்!" என்று சிரித்தபடி, 'வேலாத்தாள் சம்பளத்தில் மாதம் தவறாமல் வரி பிடித்தோம்' என்று எழுதி, கையெழுத்துப் போட்டு, சீலும் குத்தி நீட்டினார்.

அந்தக் கடிதத்தோடு நேராக வருமான வரி அலுவலகம் போனார் வேலாத்தாள். அதிகாரி கடிதத்தை இரண்டு முறை படித்தார்.

"பிடிச்ச வரியை உங்ககிட்ட மறுபடி கேக்க சட்டத்துல இடமில்லம்மா. பிடிச்சவர்தான் கட்டணும். அதை அவர் கையாலயே எழுதி வாங்கிட்டீங்களே!" என்று வியந்து எழுந்தே நின்றுவிட்டார்.

அடுத்த நோட்டீஸ் முதலாளிக்கு வந்தது. அன்று அவரே பட்டறைக்குள் வந்து, "கொஞ்சம் உக்காருங்கம்மா, பேசணும்" என்றார். நாங்கள் கண்கொட்டாமல் வேலாத்தாளையே பார்த்தோம்.