குழிக்குள் இறங்கிய சாமி

மலேயாக் காட்டில் ஓர் ஆற்றங்கரையில் பொன் கிடைக்கிறது என்று சேதி பரவியதும் ஆட்கள் ஈயாக மொய்த்துவிட்டார்கள். அத்தனை பேரில் பொன்னைத் தேடி வராதவர் ஒருவர்தான், ஏகாம்பரச் சாமி. ஏன் வந்தீர்கள் என்று கேட்டால், "எல்லாரும் ஓடினாங்க, அப்படி என்னதான் இருக்குன்னு பார்க்க வந்தேன்" என்பார். காவித் துணி ஒன்று, குடிசைக்குக் குடிசை கேட்டு வாங்கும் ஒரு கை கஞ்சி, அவ்வளவுதான் அவர் பிழைப்பு.

அவருக்குச் சீடன் கன்னியப்பன். சீடன் சாமியைவிடப் பத்து வயது மூத்தவன் என்பதில் இருவருக்குமே கூச்சம் இல்லை. சோளிங்கர்ப் பக்கம் ஒரு கிராமத்தில் பிள்ளைத்தாய்ச்சி மனைவியை விட்டுவிட்டுக் கப்பல் ஏறியவன் அவன். பெண் குழந்தை பிறந்ததும், அது நடந்ததும், பேசியதும் அவனுக்கு யாரோ சொன்ன செய்திகள். இப்போதுதான் எப்படியோ கப்பல் செலவை அனுப்பிவிட்டு, எந்தப் படகில் வருவார்களோ என்று காத்திருந்தான்.

ஒருநாள் சாமியிடம் கேட்டான்.

"சாமி, நீங்களும் வீட்டை விட்டு வந்தீங்க. நானும் வீட்டை விட்டு வந்தேன். உங்களைக் கும்பிடறாங்க, என்னை ஓடிப்போனவன்னு ஏசறாங்க. இதுல இன்னா சாமி வித்தியாசம்?"

சாமி காதைக் குடைந்துகொண்டே, "தெரியலையே" என்றார்.

கன்னியப்பனுக்குச் சப்பென்று ஆகிவிட்டது.

அந்தக் கரையில் ஒரு கட்டுப்பாடு உண்டு. பொழுது சாயும்வரை, பொன் தோண்டும் குழிக்குள் குழிக்காரன் இருக்க வேண்டும், இல்லாவிட்டால் அவன் வீட்டு ஆள் இருக்க வேண்டும். கூலியாள் செல்லாது. குழி காலியானால் முதலில் இறங்கியவனுக்குச் சொந்தம். அதனால் விவரம் தெரிந்தவன் எவனும் பொன் தட்டினால் மூச்சு விடமாட்டான்.

கன்னியப்பனும் விவரம் தெரிந்தவன்தான். ஆனால் அன்று மத்தியானம் தன் குழியில் மரத்தட்டில் மண்ணை அலசியபோது, கருமணலுக்கு நடுவே புளியங்கொட்டை அளவில் மஞ்சளாக ஒன்று உட்கார்ந்திருந்தது. வாய் சும்மா இருக்கவில்லை.

"அடியே குப்பம்மா!" என்று காடே அதிரக் கத்திவிட்டான்.

அவ்வளவுதான். குழியைச் சுற்றி ஒரே கூட்டம். முன்வரிசையில் மண்வெட்டியும் கையுமாகச் சடையாண்டி. பக்கத்துக் குழிக்காரன், கன்னியப்பனுக்கு வயிற்றுவலி வந்தால்கூட விசாரிக்க வராதவன்.

"இன்னாடா கன்னியப்பா, பெண்டாட்டி பேரெல்லாம் கேக்குது?" என்றான்.

"ஒண்ணுமில்ல, கால்ல கல்லு குத்திச்சி."

"குத்தட்டும், குத்தட்டும். மேல வந்து காட்டேன்!"

கூட்டம் சிரித்தது. கன்னியப்பன் பொன்னை வேட்டி மடிப்பில் செருகிக்கொண்டு குழிக்குள்ளேயே நின்றான்.

அந்த நேரம் பார்த்துப் படகுத்துறையிலிருந்து ஓர் ஆள் மூச்சிரைக்க ஓடி வந்தான்.

"சோளிங்கர்ப் பக்கத்து ஆள் யாருப்பா? உன் சம்சாரம் மாதிரி தெரியுது, வந்து இறங்கியிருக்கு. கூட ஒரு சின்னப் பொண்ணு. ஊரை மட்டும் சொல்லுது, புருஷன் பேரு இன்னான்னு கேட்டா வாயைத் திறக்க மாட்டேங்குது. தோட்டத்துக்கு ஆள் பிடிக்கிற கங்காணி ஒருத்தன், 'உன் புருஷன்தான் என்னை அனுப்பினான், வா'ன்னு கூப்பிட்டுக்கிட்டு நிக்கறான். சீக்கிரம் வா!"

அந்தக் கங்காணியோடு தோட்டத்துக்குள் போனவர்கள் வெளியே வந்ததாகச் சரித்திரம் இல்லை. கட்டிய புருஷன் பேரைக் குப்பம்மாள் ஒருநாளும் வாயால் சொன்னதில்லை. சொல்லவும் மாட்டாள். இவன் கரையேறினால் குழி போய்விடும்.

கூட்டத்துக்குப் பின்னால் காவி தெரிந்தது.

"சாமி! நீங்க ஓடிப்போய்க் கூட்டிக்கிட்டு வாங்க சாமி!"

"நான் போய் என்ன சொல்லட்டும்?"

"உன் புருஷன் அனுப்பினான்னு சொல்லுங்க."

"கங்காணியும் அதைத்தானே சொல்றான்?"

கன்னியப்பனுக்கு அழுகை வந்துவிட்டது. "இத்தனை வருஷம் இந்த மண்ணுக்காகத்தானே சாமி கிடந்தேன். இன்னிக்கித்தான் காட்டிச்சி. இப்ப நான் இன்னா செய்ய, சொல்லுங்க!"

துறைப் பக்கம் படகின் சங்கு ஊதியது.

கன்னியப்பன் மண்வெட்டியை வீசி எறிந்தான். "போங்கடா நீங்களும் உங்க குழியும்!" என்று ஒரே தாவலில் கரையேறிவிட்டான்.

சடையாண்டி ஒரு காலைக் குழிக்குள் நீட்டினான். அதற்குள் தொப்பென்று ஒரு சத்தம். சாமி உள்ளே நின்றார், முழங்கால்வரை சேற்றில்.

"சாமி, விளையாடாதீங்க. வீட்டு ஆள்தான் இறங்கலாம்."

"வீட்டு ஆள்தான். அவன் என் அண்ணன்."

"காவி கட்டினவனுக்கு ஏது அண்ணன் தம்பி?" சடையாண்டி பாயிண்டைப் பிடித்துவிட்ட சந்தோஷத்தில் கூட்டத்தைத் திரும்பிப் பார்த்தான்.

சாமி காவியை அவிழ்த்தார். சுருட்டிச் சடையாண்டி கையில் கொடுத்தார். கோவணத்தோடு நின்றுகொண்டு, "இப்ப?" என்றார்.

சடையாண்டி பாதையைப் பார்த்துக் கத்தினான். "டேய் கன்னியப்பா! இவன் உன் தம்பியாடா?"

ஓடிக்கொண்டே கன்னியப்பன் கத்தினான். "ஆமாண்டா! என் கூடப்பிறந்தவண்டா!"

துறையில் கங்காணி குழந்தையின் கையைப் பிடித்து வண்டியில் ஏற்றிக்கொண்டிருந்தான். குப்பம்மாள் மூட்டையை அணைத்துக்கொண்டு போவதா வேண்டாமா என்று தவித்தாள். தலைமுதல் கால்வரை சேறாக ஓர் உருவம் ஓடி வருவதைப் பார்த்துக் குழந்தை அலறியது. துறையே திரும்பிப் பார்த்தது. குப்பம்மாள் ஒரு கணம் உற்றுப் பார்த்தாள். மூட்டை கீழே விழுந்தது.

"கன்னியப்பா!" என்று கூவினாள். "யோவ், கன்னியப்பா! கன்னியப்பா!"

கங்காணி குழந்தையின் கையை விட்டான்.

மூவரும் திரும்பி வந்தபோது பொழுது சாய்ந்துகொண்டிருந்தது. மகள் அப்பனின் தோளில் சேற்றைப் பற்றி ஒரு கவலையும் இல்லாமல் உட்கார்ந்திருந்தாள். வழியெல்லாம் அவள் கேட்ட கேள்விகளுக்குப் பதில் சொல்லியே அவனுக்குத் தொண்டை கட்டிவிட்டது. குழியோரம் மண் மலையாகக் குவிந்திருந்தது. உள்ளே சாமி வெட்டிக்கொண்டிருந்தார். கையெல்லாம் கொப்புளம்.

"யாருங்க அவரு?" என்றாள் குப்பம்மாள்.

கன்னியப்பன் மகளை இறக்கிவிட்டுக் குழியோரம் மண்டியிட்டான்.

"சாமி, காவியைக் கழட்ட வச்சிட்டேனே. என்னால உங்க துறவு போச்சே!"

சாமி மண்வெட்டியை ஊன்றி நிமிர்ந்து இடுப்பைப் பிடித்துக்கொண்டார்.

"எல்லாத்தையும் விட்டுட்டேன், விட்டுட்டேன்னு ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரிஞ்சேன் கன்னியப்பா. அந்தப் பெருமை மட்டும் விடாம ஒட்டிக்கிட்டே இருந்தது. இன்னிக்கி அதுவும் கழண்டு விழுந்தது. சரி, கையைக் கொடு, மேலே தூக்கு. அண்ணிகிட்டச் சொல்லு, உலையில எனக்கும் ரெண்டு பிடி அரிசி சேர்த்துப் போடட்டும்."