பசியில்லாத விரால்

ஏகாம்பரம் மடத்தில் சேர்ந்த அன்றே சாமி அவர் கையில் கரண்டியைக் கொடுத்துவிட்டார். சாமிக்கு வயது நாற்பதைத் தாண்டாது. ஏகாம்பரமோ பள்ளிக்கூடத்தில் ஹெட்மாஸ்டராக இருந்து ஓய்வுபெற்றவர். வைத்த குழம்பு நன்றாக அமைந்துவிட்டதுதான் வம்பாகப் போயிற்று. ஊரே அவரைச் சமையல்காரர் என்று கூப்பிட ஆரம்பித்தது. யாரும் கேலிக்குச் சொல்லவில்லை, வாய் ருசித்துத்தான் சொன்னார்கள். அவருக்கு மட்டும் அந்தச் சொல் காதில் விழுந்தால் போதும், உச்சந்தலை சூடாகிவிடும்.

பௌர்ணமி வரை கோபப்படாமல் இருந்தால் காவி தருவதாகச் சாமி சொல்லியிருந்தார். போன பௌர்ணமி பால்காரரோடு போயிற்று. அதற்கு முந்தையது தபால்காரரோடு. இந்தத் தடவை விடிந்தால் பௌர்ணமி, இன்னும் ஒருவர்மீதும் பாயவில்லை. இந்த ஒரு பகலை மனுஷர் முகத்தில் விழிக்காமல் கடத்திவிடலாம் என்று காலையில் கஞ்சியை இறக்கி வைத்துவிட்டு ஏரிக்குக் கிளம்பினார்.

ஆனால் ஏரியில் எந்தப் பக்கம் போனாலும் ஆள். கிழக்கே மதகடியில் பாத்திரம் கழுவுகிறவர்கள். மிதக்கும் சோற்றுப் பருக்கைக்குக் கெளுத்தி சுற்றிக்கொண்டிருக்கும். தெற்கே உபரித் தண்ணீர் வழியும் கலங்கலில் கெண்டை துள்ளும், கூடவே ஊர்ப் பிள்ளைகளும் துள்ளுவார்கள். மேற்கே வாய்க்கால் வந்து விழும் மணல்திட்டில் அயிரைக்காகக் கொக்கு நிற்கும், பக்கத்திலேயே வாத்து மேய்க்கிறவர்கள். மிச்சம் வடக்குதான். முழங்கால் ஆழம், சேறு, கோரை. விராலைத் தவிர வேறு யாருக்கும் அங்கே வேலை கிடையாது.

அங்கேயும் தணிகை என்று ஒருவன் தூண்டிலோடு உட்கார்ந்திருந்தான். முள்ளில் சின்னத் தவளை. கோரை ஓரத்தில் தண்ணீர் கையகலத்துக்குச் சிவப்பாகக் குமிழியிட்டு அடங்கியது.

பாடம் நடத்திப் பழகிய வாய் சும்மா இருக்குமா? அது விரால் குஞ்சுக் கூட்டம் என்று ஏகாம்பரம் தொடங்கினார். காற்றைக் குடிக்காமல் அவை உயிரோடு இருக்க முடியாது, எவ்வளவு ஒளித்து வைத்தாலும் மூச்சு வாங்க மேலே வந்தே தீரும். அடியில் தாயும் தகப்பனும் காவல் இருக்கும், காவல் இருக்கிற மீன் இரை தேடாது, ஆகவே தவளை போட்டுப் பிரயோஜனமில்லை என்று முடித்தார். தணிகை பவ்யமாகத் தலையாட்டிக்கொண்டே தவளையை அந்தச் சிவப்பின்மேல் இழுத்தான். தண்ணீர் அதிர்ந்தது. முழங்கை நீள விரால் ஒன்று தவளையைக் கவ்விக்கொண்டு கரைக்கு வந்தது.

ஏகாம்பரத்துக்கு மனசு வலித்தது. பசியில்லாத மீன் எதற்காக வாயைத் திறந்தது என்று கேட்டார். பிள்ளைங்ககிட்ட வந்தா சும்மா விடுமா என்றான் தணிகை. பிறகு மீனைக் கோரைத் தட்டையில் கோர்த்து, மரியாதையாக இரண்டு கையாலும் நீட்டினான்.

"எடுத்துக்கினு போங்க, சமையல்காரரே. உங்க கைப்பக்குவத்துக்குத்தான் இது லாயக்கு."

அதன் பிறகு வடகரையில் நடந்த பாடம் மேற்குக் கரை வாத்துகள்வரை கேட்டது. தணிகை மீனைப் போட்டுவிட்டுத் தூண்டிலோடு ஓடினான்.

சாயங்காலம் ஏகாம்பரம் எதையும் ஒளிக்காமல் சாமியிடம் சொன்னார், விரால் பாடம் உட்பட. இந்தக் காவியும் கை நழுவியதில் அவருக்குக் கண் கலங்கிவிட்டது.

"மீன் கடிச்சதுல நியாயம் இருக்குது சாமி. அது பிள்ளைங்களைக் காப்பாத்தக் கடிச்சுது. நான் வீடு வாசல் எல்லாத்தையும் விட்டுட்டு வந்தவன். நான் எதைக் காப்பாத்தப் பாஞ்சேன்?"

சாமி அடுப்படிக்குப் போய்ப் புளியைக் கரைக்க ஆரம்பித்தார். ஏகாம்பரமும் முகத்தைத் துடைத்துக்கொண்டு பின்னாலேயே போய், பழக்கதோஷத்தில் கரண்டியை எடுத்தார்.

"ஹெட்மாஸ்டர் ஐயா," என்று கூப்பிட்டார் சாமி.

மடத்துக்கு வந்த நாளிலிருந்து யாரும் அவரை அப்படிக் கூப்பிட்டதில்லை. ஏகாம்பரத்தின் முதுகு நிமிர்ந்தது. கரண்டியைக் கீழே வைத்தார், மேல்துண்டைச் சரிசெய்துகொண்டார், முகமெல்லாம் மலரத் திரும்பினார்.

"சொல்லுங்க சாமி."

சாமி புளிக்கையோடு அவரைச் சுட்டிக் காட்டினார்.

"இதோ, நீங்க காப்பாத்துறது மூச்சு வாங்க மேல வந்துடுச்சு பாருங்க."